பழுதைக் கண்டுபிடித்த பத்து ரூபாய் நோட்டு!

காலை ஆறரை மணி. அடையாறு திரு.வி.க. பாலத்தின் மேல் என் தங்கை கணவரின் லோடு வண்டி வந்துகொண்டிருக்கிறது. கோயம்பேட்டில் ஏற்றிய காய்கறியை தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என்று மூன்று இடங்களில் இறக்கிவிட்டு, மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பும் நேரம். பாலத்தின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், வண்டி எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி மிதிக்கிறார். ம்ஹூம்! பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது.

ஓடிய வேகத்திலேயே வண்டியை ஓரம் கட்டி, சாவியை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தார். எதுவுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது. வீடு வரை ஒரு தொந்தரவும் இல்லை.

"மச்சான், காலை மிதிச்சா காத்துல மிதிச்ச மாதிரி இருந்துச்சு" என்று அன்று போனில் சொன்னார். குரலில் நடுக்கம் இருந்தது.

அதன்பிறகு ஒன்றரை மாதம் அந்த வண்டி எங்கள் குடும்பத்தை ஆட்டி வைத்துவிட்டது. வந்தது, போனது, மறுபடியும் வந்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் நல்ல பிள்ளையாக ஓடியது. பல் டாக்டர் வீட்டு வாசல்படியை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அதே கதைதான்!

லோடு வண்டியோ, காரோ... இப்போது நீங்கள் ஓட்டும் வண்டிக்கும் இது நடக்கலாம். அதனால்தான் அந்தப் பழுதைக் கண்டுபிடித்த கதையை முழுதாகச் சொல்கிறேன். வண்டி எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பி.எஸ்-6 டீசல் பிக்கப், அவ்வளவுதான்.

கேபிள் போய் வயர் வந்தது

பழைய டீசல் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவில் ஓர் இரும்பு கேபிள் இருக்கும். மிதித்தால் கேபிள் இழுக்கும். பம்ப் கூடுதலாக டீசல் கொடுக்கும். கேபிள் அறுந்தால் கண்ணுக்கே தெரியும். ரோட்டோரத்தில் வைத்தே மாட்டிவிடுவார்கள்.

1997-ல் காமன் ரெயில் டீசல் இன்ஜின் கார்களில் விற்பனைக்கு வந்தது. டீசலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை அதில் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். நம் நாட்டில் 2017 ஏப்ரலில் பி.எஸ்-4, 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 என்று புகை விதிகள் நாடு முழுக்க இறுகியபோது, சின்ன லோடு வண்டிகளுக்குள்ளும் இந்த கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. 2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் என்று ஆரம்பித்த சின்ன யானைகளின் கூட்டம், இப்போது முழுக்க முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் கூட்டம்!

இன்றைய வண்டியில் பெடலை மிதித்தால் எந்த கேபிளும் இழுபடுவதில்லை. பெடலோடு சேர்ந்திருக்கும் சென்சார், 'ஓட்டுநர் இவ்வளவு மிதித்திருக்கிறார்' என்று வோல்டேஜாகச் செய்தி அனுப்பும். அதைப் படித்துத்தான் இசியூ எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டர் டீசல் கொடுக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பெடலில் இருப்பது ஒரு சென்சார் அல்ல, இரண்டு. ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பல வண்டிகளில் இரண்டாவது சென்சாரின் வோல்டேஜ், முதலாவதில் சரி பாதியாக இருக்கும். இந்தக் கணக்கை இசியூ விடாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், 'யாரை நம்புவது என்று தெரியவில்லை. எதற்கு வம்பு?' என்று வேகத்தைக் குறைத்துவிடும். சில வண்டிகள் மெதுவாக நகர அனுமதிக்கும். சிலவற்றில் ஐடிலிங் மட்டும்தான். எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. இதற்குப் பெயர்தான் லிம்ப் மோடு. நொண்டிக்கொண்டு வீடு போய்ச் சேர் என்று அர்த்தம்.

அதாவது, பாலத்தின் மேல் வண்டி கெட்டுப்போய் நிற்கவில்லை. தானாகச் சீறிப் பாய்ந்துவிடக் கூடாது என்று தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டது!

இரண்டு வைத்தியம், இரண்டும் வீண்

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. முதல் மெக்கானிக், "பிக்கப் இல்லைன்னா டீசல் ஃபில்டர்தான்" என்றார். மாற்றினார். பேட்டரி டெர்மினலையும் ஒரு தடவை கழற்றி மாட்டினார். நான்கு நாள் வண்டி நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் பனகல் பார்க் பக்கத்தில் நின்றது.

இரண்டாவது ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் கோளாறு எதுவும் காட்டவில்லை. "பெடலை மாத்திடலாம் சார், அதுதான் எல்லாருக்கும் போகுது" என்றார்கள். புது பெடல் சில ஆயிரம் ரூபாய். அந்த மாத டியூவுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில்தான் வாங்கினார். ஆறு நாள் பிரச்னை இல்லை. ஏழாம் நாள் லஸ் கார்னரில் அதே கதை!

அன்று மாலை தங்கை என்னிடம் சொன்னதை மறக்க முடியாது. "அண்ணா, வண்டி நின்னா கூட பரவாயில்ல. இவர் ராத்திரி தூங்க மாட்டேங்குறார். மெட்ரோ வேலைக்காக ரோடெல்லாம் குறுகிக் கிடக்கு. பின்னாடி வர்ற வண்டி இடிச்சிடுமோன்னு பயமா இருக்கு."

ஒரு வாரம் நேரத்துக்குக் காய்கறி வராததால், மாட வீதிப் பக்கம் இருக்கும் ஒரு மெஸ் வேறு வண்டிக்கு மாறிவிட்டது. இரண்டாவது வாடிக்கையும் கை நழுவினால் டியூ கட்டுவது சிரமம். வண்டியை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்தது. கோளாறை மறைத்து இன்னொருவர் தலையில் கட்ட மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. "அவனும் புள்ளகுட்டிக்காரனாதானே இருப்பான்?" என்று அந்தப் பேச்சை அவரே முடித்துவிட்டார்.

தங்கை போட்ட கணக்கு

தங்கை பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வண்டியின் வரவு செலவு எழுதுவது அவள்தான். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேல் வைத்து கோடு போட்டாள். தேதி, நேரம், இடம், லோடு இருந்ததா, மழையா வெயிலா, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று ஆறு கட்டம்.

"நின்ன உடனே எனக்கு போன் பண்ணுங்க. நான் எழுதிக்கிறேன். வீட்டுக்கு வந்து யோசிச்சு சொன்னா மறந்துபோகும்" என்று கணவருக்கு உத்தரவு!

மூன்று வாரத்தில் ஒன்பது வரிகள் சேர்ந்தன. மாப்பிள்ளை அதுவரை, "லோடு ஏத்தினா இழுக்கமாட்டேங்குது" என்றுதான் எல்லா மெக்கானிக்கிடமும் சொல்லியிருந்தார். நோட்டோ வேறு கதை சொன்னது. ஒன்பதில் ஏழு முறை, காலி வண்டியோடு திரும்பும்போது நின்றிருக்கிறது! மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைசிக் கட்டத்தில் 'ஸ்பீட் பிரேக்கர்', 'தோண்டிய ரோடு', 'பள்ளம்' என்றே பெரும்பாலும் எழுதியிருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. லோடு இருக்கும்போது நின்ற இரண்டு தடவையும் மனதில் பயம் அதிகம். அதனால் அதுவே நினைவில் நின்றுவிட்டது. பயந்ததைத்தான் மனது ஞாபகம் வைக்கும். நோட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நோட்டைப் படித்த எலெக்ட்ரீஷியன்

நண்பர் ஒருவர் சொல்லி, மயிலாப்பூர் சந்து ஒன்றில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனோம். அறுபது வயதைத் தாண்டியவர். பானெட்டைத் திறக்கவில்லை. "முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு தம்பி" என்றார். நோட்டை நீட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டீ ஆறும் வரை படித்தார்.

"இத எழுதினது யாரு? பாதி வேலைய முடிச்சிட்டாங்களே!"

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கதையின் சாரம்.

டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால், லோடு ஏற்றி மேடு ஏறும்போதுதான் வண்டி திணறும். அப்போதுதான் இன்ஜினுக்கு நிறைய டீசல் வேண்டும். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. இங்கே நடப்பது தலைகீழ். அதுவும் இன்ஜின் திணறவில்லை; துடிக்கவில்லை. ஐடிலிங்கில் அமைதியாக ஓடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஆகவே, இது டீசல் தட்டுப்பாடு இல்லை. இசியூ எடுத்த முடிவு.

சரி, காலி வண்டியில் ஏன்? லோடு வண்டியின் பின் பட்டை ஸ்பிரிங் எடையைத் தாங்கச் செய்தது. எடை இல்லாவிட்டால் அது வளைந்து கொடுக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். லோடு வண்டியில் காலியாகப் பயணம் செய்தவர்களின் இடுப்பைக் கேட்டால் சொல்லும்! அந்த அதிர்வில் எங்கோ ஒரு வயரோ, கனெக்டரோ கணநேரம் விட்டுப்போகிறது.

"அப்போ புது பெடல் போட்டதும் ஆறு நாள் நல்லா ஓடுச்சேண்ணே?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"பெடல மாத்தணும்னா கனெக்டரைக் கழட்டித்தானே மாட்டணும்? கழட்டி மாட்டினதுல பின்னு கொஞ்சம் நல்லா உக்காந்திருக்கும். ஆறு நாள் குலுங்கினதும் பழையபடி தளர்ந்துபோச்சு. ஓடினது பெடலால இல்ல, கழட்டி மாட்டினதால!"

ஆட்டிப் பார்த்தால் ஆடும்!

ஸ்கேனரை மாட்டினார். இந்த முறை பழைய பதிவாக இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று பி2127, பெடலின் இரண்டாவது சென்சார் சிக்னல் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். மற்றொன்று பி2138, இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

"கோடு வந்தா அந்தப் பொருள் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. அந்தத் தெருவுல ஏதோ தகராறுன்னு அர்த்தம். எந்த வீடுன்னு நாமதான் கதவைத் தட்டணும்" என்றார்.

அடுத்து லைவ் டேட்டா. இரண்டு சென்சாரின் வோல்டேஜையும் ஸ்கேனர் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கால் வைக்காதபோது ஒன்று 0.75 வோல்ட், மற்றது அதில் பாதி. மெதுவாக முழுக்க மிதித்தபோது 3.8 மற்றும் 1.9. நடுவில் எங்கும் தடுமாற்றம் இல்லை. பெடல் நல்ல பெடல்தான். (பழைய பெடலும் நல்ல பெடல்தான் என்பது பிறகு தெரிந்தது. புதுசைக் கழற்றாமல், பழசைத் துணியில் சுற்றி பரண் மேல் வைத்திருக்கிறாள் தங்கை.)

பிரேக் பெடல் சுவிட்சையும் பார்த்தார். பிரேக்கை மிதித்திருப்பதாக சுவிட்ச் தவறாகச் சொன்னாலும், பல வண்டிகளில் இசியூ ஆக்ஸிலரேட்டரை மதிக்காது. பிரேக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. அதுவும் இல்லை.

மல்டிமீட்டரில் சென்சாருக்கு வரும் 5 வோல்ட் சப்ளை சரி. எர்த் சரி. இதற்குப் பிறகுதான் வேடிக்கை. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, மாப்பிள்ளையைப் பெடலைப் பாதி மிதித்தபடி வைத்திருக்கச் சொன்னார். தான் குனிந்து, டாஷ்போர்டுக்குக் கீழே வயர் கட்டை ஒவ்வொரு சாணாகப் பிடித்து மெல்ல ஆட்டினார். திரையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங் கம்பத்துக்குப் பக்கத்தில் கை வந்தபோது, இரண்டாவது சென்சார் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி ஐடிலிங்குக்கு இறங்கியது.

"விழுந்துடுச்சுண்ணே!" என்று நான் கத்தியதில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

காரணம், எட்டு மாதங்களுக்கு முன்பு வண்டியில் பாட்டுப் பெட்டி மாட்டியது! அந்த வயர்கள் தொங்கக் கூடாதென்று, பெடலுக்குப் போகும் வயர் கட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டேகால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வயருக்கு ஆடுவதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அது கனெக்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு பின்னின் வாயை அகட்டிவிட்டது. உதிரி பின் ஒன்றை அதில் நுழைத்துக் காட்டினார். மற்ற ஓட்டைகளில் பிடித்துக்கொண்டது, இதில் மட்டும் தானாக நழுவி விழுந்தது.

டேகை வெட்டினார். அந்த ஒரு டெர்மினலை மாற்றினார். வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, டேப் சுற்றி, தனி கிளிப்பில் பிடிக்க வைத்தார். கோடுகளை அழித்தார். பிறகு காலி வண்டியில் அவரே ஏறி உட்கார்ந்து, "எங்கெங்க நின்னுச்சோ அங்கெல்லாம் ஓட்டு" என்றார். நோட்டில் இருந்த ஸ்பீட் பிரேக்கர்கள் எல்லாவற்றிலும் ஏறி இறங்கினோம். வண்டி நிற்கவில்லை.

கூலி அறுநூறு ரூபாய். மூன்று மாதமாகிறது, நோட்டில் பத்தாவது வரி எழுதப்படவில்லை. மெஸ்காரரும் பழையபடி எங்கள் வண்டிக்கே திரும்பிவிட்டார்.

உலகையே உலுக்கிய பெடல்

பெடல் பிரச்னை நம் ஊர் சந்தோடு முடிவதில்லை. 2009, 2010-ம் ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே புகார் நேர்மாறானது; கார் தானாக வேகமெடுக்கிறது என்றார்கள். தரை விரிப்பு நகர்ந்து பெடலை அழுத்திப் பிடித்ததும், சில பெடல்கள் மிதித்த இடத்திலிருந்து மெதுவாகத் திரும்பியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எலெக்ட்ரானிக்ஸில் கோளாறா என்று கண்டுபிடிக்க அமெரிக்க அரசு, விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவின் உதவியையே நாடியது. அந்த அளவு அபாயகரமான வேகத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஆனால், பழுதான பெடல் ஒன்றைப் பிரித்தபோது, உள்ளே முடியைவிட மெல்லிய தகர இழை வளர்ந்து சென்சாரைக் குழப்பியிருந்ததைக் கண்டார்கள்.

விண்வெளி விஞ்ஞானிகளாக இருந்தாலும், மயிலாப்பூர் எலெக்ட்ரீஷியனாக இருந்தாலும் வழி ஒன்றுதான். ஊகித்துப் பொருளை மாற்றாமல், ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, ஒவ்வொன்றாக விடுவிப்பது!

உங்கள் வண்டிக்கு நடந்தால்...

* ஓடும்போது பெடல் வேலை செய்யவில்லையா? பதறி சாவியை அணைக்காதீர்கள். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனமாகும். பிரேக்குக்கு உதவும் வேக்வமும் தீர்ந்து, மிதிக்கக் கடினமாகும். ஹசார்டு விளக்கைப் போட்டு, ஓடும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு வாருங்கள்.

* நின்ற பிறகு சாவியை அணைத்து, அரை நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் விட்டுவிடாதீர்கள்; அது குணமல்ல, தற்காலிக நிவாரணம்.

* முதலில் தரை விரிப்பைப் பாருங்கள். பெடலுக்கு அடியில் சுருண்டிருக்கிறதா, தண்ணீர் பாட்டில் உருண்டு கிடக்கிறதா? செலவே இல்லாத சோதனை இது.

* செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் உடனே போனில் படம் எடுங்கள். ஸ்கேன் செய்து கோடை எழுதி வாங்கும் வரை பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள். சில வண்டிகளில் பதிவு அழிந்துபோகும்.

* 'லைவ் டேட்டாவில் இரண்டு பெடல் சென்சாரையும் காட்டுங்கள்' என்று கேளுங்கள். வயரை ஆட்டிப் பார்த்த பிறகே புது பெடலுக்குச் சம்மதியுங்கள்.

* மழை வெள்ளத்தில் நின்ற வண்டி, எலி குடியேறிய வண்டி, பாட்டுப் பெட்டி, ஜி.பி.எஸ்., கூடுதல் விளக்கு மாட்டிய வண்டி... இவற்றில் முதல் சந்தேகம் வயரிங் மேல்தான் இருக்க வேண்டும்.

* கனெக்டரைச் சுத்தம் செய்ய பெட்ரோல் வேண்டாம். அதற்கென்றே கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கிறது.

* புதுப்பேட்டையில் பழைய பெடல் வாங்குவதாக இருந்தால், வண்டி மாடலோடு பெடல் மேல் இருக்கும் பார்ட் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பார்க்க ஒன்றாக இருக்கும். வோல்டேஜ் வேறாக இருக்கலாம்.

கடைசியாக, ஒரு பத்து ரூபாய் நோட்டும் பேனாவும் வண்டியில் வையுங்கள். போன வாரம் மாப்பிள்ளை வண்டியில் ஏறியபோது பார்த்தேன். டாஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸோடு அந்த நோட்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் அண்ணனின் கோணல் கையெழுத்தில் ஒரு வரி:

"இந்த வண்டில யாரும் டேக் போட்டு இறுக்கக் கூடாது!"